பெரம்பூரில் வாங்கிய பழைய ஆர்ச்டாப் கிட்டார்: ஒரு நிகழ்வு ஆய்வு

பெரம்பூரில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவரின் வீட்டில் பல காலம் பரண்மேல் கிடந்த ஹோஃப்னர் ஆர்ச்டாப் கிட்டார் ஒன்று அண்மையில் கைமாறியது. கேட்ட விலை 48,000 ரூபாய்; முடிந்த விலை 30,000 ரூபாய். வாங்கியவர் நாற்பதைக் கடந்த மென்பொருள் ஊழியர், வேளச்சேரிக்காரர். பல ஆண்டுகள் சாதாரண அக்கூஸ்டிக் கிட்டார் வாசித்துப் பழகியபின் ஜாஸ் பக்கம் திரும்பியவர். கருவியைப் பார்த்து மதிப்புச் சொல்வதற்காக என்னையும் அழைத்துச் சென்றார். அந்தக் கிட்டார் எந்த நிலையில் இருந்தது, அதன் விலை எதனால் குறைந்தது, அதன்மேல் என்ன செலவானது, இப்போது எப்படி வாசிக்கப்படுகிறது என்பவற்றை இங்கே பதிவு செய்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: சென்னையில் மலிவான பழைய ஆர்ச்டாப் வாங்குகிறவர் உண்மையில் நெக்குக்குத்தான், அதாவது தந்திகளை அழுத்தும் கழுத்துப் பகுதிக்குத்தான், விலை கொடுக்கிறார், மேல்பலகை ப்ளைவுட்டாக இருப்பது இந்த ஊரில் குறையன்று, பாதுகாப்பு.

கருவியின் வகையும் வழியும்

ஆர்ச்டாப் என்பது வயலினைப் போல மேல்பலகையும் பின்பலகையும் வளைந்து எழும்பிய கிட்டார். அமெரிக்காவில் ஆர்வில் கிப்சன் 1890களில் இம்முறையில் கருவிகளைச் செதுக்கத் தொடங்கினார்; கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய லாயிட் லோர் காலத்தில், 1922-இல் வெளிவந்த எல்-5 மாதிரியில்தான் வட்டத் துளைக்குப் பதிலாக வயலினில் உள்ள எஃப் (f) வடிவத் துளைகள் கிட்டாரில் இடம்பெற்றன. தந்திகள், அவற்றைத் தாங்கும் கட்டையான பிரிட்ஜில் கட்டப்படாமல், அதன்மேல் ஏறி இறங்கி, உடலின் கடைசி விளிம்பில் மாட்டிய டெயில்பீஸில் முடிகின்றன. பிரிட்ஜ் ஒட்டப்படுவதில்லை, தந்திகளின் அழுத்தமே அதை இடத்தில் நிறுத்துகிறது. இந்த அமைப்பினால் ஒலி சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும். பித்தளை வாத்தியங்கள் முழங்கும் பெரிய ஜாஸ் குழுவில், ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், தாளத்தை எல்லோருக்கும் கேட்கும்படி நிறுத்தத் தேவைப்பட்டது இந்தக் குணம்தான். ஜாஸ் பியானோ கலைஞர் கவுன்ட் பேசியின் குழுவில் 1937-இல் சேர்ந்து 1987-இல் இறக்கும்வரை வாசித்த ஃப்ரெடி கிரீன், ஏறக்குறைய அரை நூற்றாண்டு இந்தக் குணத்தை நம்பியே வாழ்ந்தார் என்று சொல்லலாம்.

திடமான ஸ்ப்ரூஸ் மரத்தைக் குடைந்து செதுக்கிய ஆர்ச்டாப்கள் இன்று பல லட்சங்களைத் தொடுகின்றன. நடுத்தர வருமானக்காரர் அணுகக்கூடியவை, பலகையை வெப்பத்தில் அழுத்தி வளைத்தோ மெல்லிய அடுக்குகளை ஒட்டியோ பெருமளவில் செய்யப்பட்டவை: சிகாகோவின் ஹார்மனி, கே, ஜெர்மனியின் ஃப்ரேமஸ், ஹோஃப்னர். ஹார்மனி நிறுவனம் 1975-இல் மூடப்பட்டது. அதன் கிட்டார்களின் உட்புறத்தில் எஸ் அல்லது எஃப் என்ற எழுத்தும் ஆண்டின் இரண்டு இலக்கங்களும் முத்திரையாக இருக்கும். எஃப் துளை வழியாக டார்ச் அடித்தாலே வயது தெரிந்துவிடும்.

நான் பார்த்தவரை, சென்னையில் அமெரிக்கக் கருவிகளைவிட ஜெர்மன் கருவிகளே கூடுதலாகக் கண்ணில் படுகின்றன. அவை பிரிட்டன் வழியாக வந்தவை. கார்ல் ஹோஃப்னர் 1887-இல் போஹீமியாவின் ஷோன்பாக்கில், இன்றைய செக் நாட்டின் லூபியில், தொடங்கிய நிறுவனம், இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஜெர்மன் மொழி பேசுவோர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டபோது பவேரியாவின் புபன்ராய்ட்டில் மீண்டும் நிலைகொண்டது. 1950களில் லண்டனின் செல்மர் நிறுவனம் இந்தக் கிட்டார்களை இறக்குமதி செய்து காங்கிரஸ், செனட்டர், பிரசிடென்ட், கமிட்டி என்ற ஏறுவரிசையில் பெயரிட்டு விற்றது. பிரசிடென்டுக்கு மேலே ஒரு கமிட்டியா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் அந்த மாதிரிக்கு ஆலோசனை சொல்ல உண்மையிலேயே ஆறு பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர்கள் கொண்ட குழு இருந்தது. அவர்களில் ஒருவரான ஐக் ஐசக்ஸ் ரங்கூனில் பிறந்தவர்.

பெரம்பூர், சாந்தோம், பரங்கிமலை, பல்லாவரம் ஆகிய இடங்களின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் கிட்டாரும் பியானோவும் வீட்டுச் சாமான்களைப் போலவே இருந்தன. சுதந்திரத்துக்குப் பின்னான ஆண்டுகளில் பலர் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்தபோது, எடுத்துச் செல்ல முடியாதவை உறவினர், அண்டை வீட்டார் கைகளுக்கு வந்தன. நாம் பார்த்த கிட்டாரும் அவ்வாறு தம் தந்தைக்குக் கிடைத்தது என்றே விற்பவர் கூறினார். எழுத்துச் சான்று எதுவும் இல்லை. விற்பவர் சொல்லும் கதைக்குத் தனியாக விலை கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. கதை உண்மையாகவே இருந்தாலும் அதனால் நெக் நேராகிவிடாது.

பரிசோதனை

உள்ளே ஒட்டியிருந்த லேபிளில் செல்மர் பெயரும் செனட்டர் என்ற சொல்லும் படிக்கத் தெரிந்தன. எண் பாதி அழிந்திருந்தது. நெக்கினுள் திருகிச் சரிசெய்யும் எஃகுக் கம்பி இல்லை. ஹோஃப்னர் இத்தகைய கம்பியை ஏறத்தாழ 1960-ஐ ஒட்டியே பரவலாகப் பொருத்தத் தொடங்கியது என்பதால், கருவி 1950களைச் சேர்ந்தது என்று மதிப்பிட்டோம். இந்தக் கம்பி இல்லாத நெக் வளைந்துவிட்டால் திருகுப்புளியால் திருப்பிச் சரிசெய்ய முடியாது. ஃப்ரெட் எனப்படும் உலோகக் கம்பிகள் குறுக்கே பதித்த ஃப்ரெட் பலகையை இழைத்தோ, வெப்பத்தில் அழுத்தியோ, ஃப்ரெட்களை மாற்றியோதான் நேராக்க வேண்டும். அத்தனைக்கும் சேரும் கூலி கருவியின் விலையையே தாண்டக்கூடும். எனவே முதல் வேலையாக, மிகத் தடித்த தந்தியான ஆறாம் தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் பதினான்காம் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, நடுவில் ஏழாம் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பார்த்தோம். ஒரு விசிட்டிங் கார்டு இறுக்கமின்றி நுழையும் அளவே இருந்தது. முறுக்கலும் இல்லை. கருவியை வாங்கலாம் என்ற எண்ணம் எனக்கு அந்த இடத்திலேயே வந்துவிட்டது. மற்றவை எல்லாம் பேரத்துக்கான சரக்கு.

ஆனால் நெக் நேராக இருப்பது வேறு, அது உடலுடன் சேரும் கோணம் சரியாக இருப்பது வேறு. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஆறாம் தந்தி நாலரை மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. ஜாஸ் வாசிப்புக்கு இரண்டு மில்லிமீட்டர் அளவு வசதியானது. பன்னிரண்டாம் ஃப்ரெட் தந்தியின் சரிபாதியில் இருப்பதால், அங்கே ஒரு மில்லிமீட்டர் குறைய வேண்டுமானால் பிரிட்ஜை இரண்டு மில்லிமீட்டர் இறக்க வேண்டும். அதாவது இங்கே ஐந்து மில்லிமீட்டர் இறக்க வேண்டியிருந்தது. பிரிட்ஜின் இரு திருகுகளிலும் இறங்குவதற்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் இடமில்லை. அடிக்கட்டையையும் யாரோ முன்பே சீவியிருந்தார்கள். பல பத்தாண்டுகள் தந்திகள் இழுத்த இழுப்பில் நெக் முன்னோக்கிச் சாய்ந்துவிட்டது என்பதே இதன் பொருள். தந்தியைக் கழற்றாமல் பரணில் போட்டதும், ஓட்டுக்கூரைக்கு அடியில் சித்திரை வெயிலின் சூடு இணைப்பிலிருந்த பசையை இளக்கியதும் சேர்ந்து இதைச் செய்திருக்கும். அக்காலக் கருவிகளில் பயன்பட்டது நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் விலங்குப் பசை. சூடும் ஈரமும் சேர்ந்தால் அது பிடியை விடும். அதே குணத்தினால்தான் இணைப்பை ஆவி கொடுத்துப் பிரித்து மறுபடி சேர்க்கவும் முடிகிறது. நெக்கின் அடியில் வெள்ளைத் தச்சுப் பசை வழிந்த தடம் இருந்தால் நான் பின்வாங்கியிருப்பேன். அந்தப் பசை மரத்துளைகளில் ஊறிய இணைப்பைச் சுத்தமாகப் பிரிப்பது கடினம், மறுபடி ஒட்டினாலும் பிடிப்பு நம்பகமாக இராது.

மேல்பலகையின் தன்மையை அறிய எஃப் துளையின் விளிம்பைப் பார்ப்பதே போதும். திட மரமாக இருந்தால் மேலே தெரியும் மரவரி விளிம்பின் கனத்திலும் தொடர்ந்து இறங்கும். அடுக்கு மரமாக இருந்தால் மூன்று கோடுகள் தெரியும். இங்கே மூன்று கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. வாங்க வந்தவரின் முகம் அப்போது சற்று வாடியது. ப்ளைவுட் என்றால் மட்டம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் ஜாஸ் கிட்டாரின் வரலாறு அதை ஏற்பதில்லை. கிப்சன் 1949-இல் வெளியிட்ட ஈஎஸ்-175 அடுக்கு மேப்பிள் மரத்தால் செய்யப்பட்டதுதான். ஜோ பாஸ், ஜிம் ஹால், ஹெர்ப் எல்லிஸ் ஆகியோர் வாசித்து, ஜாஸ் கிட்டாரின் ஒலி என்றாலே நினைவுக்கு வருவது இதுதான் என்ற நிலைக்கு அதைக் கொண்டுவந்தார்கள். தவிர, சென்னையின் காற்றில் ஆண்டின் பெரும்பகுதி ஈரம் மிகுந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மரக் கதவுகளே உப்பி நிலையில் சிக்கிக்கொள்கின்றன. திடமான ஸ்ப்ரூஸ் பலகை மழைக்காலத்தில் உப்பி எழும்பி, ஏசி அறையில் உலர்ந்து சுருங்கி, ஒருநாள் மரவரியை ஒட்டிப் பிளந்துவிடும். அடுக்குகளின் மரவரி ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடும் பலகையில் அந்த அசைவு மிகக் குறைவு. அறுபது ஆண்டுகளுக்கும் மேல் இந்த ஊரில் கிடந்தும் இந்தக் கிட்டாரின் மேல்பலகையில் ஒரு விரிசல்கூட இல்லாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அதே நிலையில் திட மரக் கருவி ஒன்றை நான் எதிர்பார்க்கவே மாட்டேன்.

ப்ளைவுட்டுக்கு உள்ள ஆபத்து வேறு: அடுக்குப் பிரிதலும் உளுத்துப்போதலும். விரல் முட்டியால் பின்பலகையை இடம் இடமாகத் தட்டி, எங்காவது சடசடக்கிறதா என்று கேட்டோம். ஒரு தாங்குகட்டை ஓரத்தில் விட்டிருந்தது தெரிந்தது. பல் மருத்துவர் வைத்திருக்கும் சிறு கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்ததில் உளுப்பூச்சியின் துளைகளும் மாவும் இல்லை. கழுத்தருகே இருக்க வேண்டிய பிக்கார்டு என்ற பாதுகாப்புத் தகடு, அக்கால பிளாஸ்டிக்கான செல்லுலாய்டுக்கு வரும் நோயால் நொறுங்கித் தூளாகியிருந்தது. அந்த நோய் வந்த செல்லுலாய்டிலிருந்து எழும் அமில ஆவி அருகிலுள்ள உலோகத்தையும் அரிக்கும். இங்கே டெயில்பீஸ் பச்சை பிடித்திருந்தது அதனால்தான் என்று எண்ணுகிறேன். ஹோஃப்னர் வழக்கப்படி, நெக்கின் தலைப்பக்கம் தந்திகள் கடக்கும் நட்டுக்கு முன்னால் இருக்கும் பூஜ்ய ஃப்ரெட்டில் தந்திகள் அரித்த பள்ளங்கள் இருந்தன. சுருதி கூட்டும் டியூனர்கள் கனமாகச் சுற்றின, ஆனால் பற்கள் தேயவில்லை.

பேரம் நீளவில்லை. “அங்கிள், நெக்கைக் கழற்றி மாட்டாமல் இதை வாசிக்க முடியாது. அந்தக் கூலியை நான்தான் போட வேண்டும்” என்று வாங்குபவர் அளவுகோலைக் காட்டிச் சொன்னார். “நான் வாசிக்கிறவன் இல்லை, தம்பி. அப்பா வாசித்ததைக் கேட்டதோடு சரி. உடைத்து விளக்கு செய்ய மாட்டீர்களே?” என்பதே பெரியவரின் கவலை. பழைய கிட்டாரை அலங்கார விளக்காக மாற்றிச் சுவரில் மாட்டும் வழக்கம் உணவகங்களில் பரவியிருப்பதால் அவர் அச்சம் நியாயமானதே. பிரிட்டனில் இதே மாதிரி, வாசிக்கும் நிலையில், சில நூறு பவுண்டுக்குக் கிடைக்கும். அங்கிருந்து வரவழைத்தால் விமானக் கட்டணமும் சுங்கமும் சேர்ந்து மலிவு என்ற பேச்சே இல்லாமல் போய்விடும். பழுதான நிலையையும் உள்ளூரில் கையில் பிடித்துப் பார்க்க முடிந்த வசதியையும் எடைபோட்டால் 30,000 ரூபாய் இரு தரப்புக்கும் ஏற்ற விலை.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சேர்க்க வேண்டும். எஃப் துளை இருப்பதெல்லாம் பழைய ஜாஸ் கிட்டார் ஆகிவிடாது. கொல்கத்தாவில் செய்யப்பட்ட எஃப் துளைக் கிட்டார்கள் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் விற்றவை. தேவாலயங்களிலும் மெல்லிசைக் குழுக்களிலும் நன்றாக உழைத்தவை. அவற்றைப் பழமை என்ற பெயரால் பல மடங்கு விலைக்கு விளம்பரம் செய்கிறவர்கள் உண்டு. அவற்றில் பழகுவதில் தவறில்லை. அந்த விலை கொடுப்பதுதான் தவறு.

பழுதுபார்த்தல்

நகரத்தில் நெக் இணைப்பைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. வீணை செய்யும் கைவினைஞரிடம் கொடுக்கலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். வீணையின் மெட்டுகள் மெழுகின்மேல் அமர்பவை, கிட்டாரின் ஃப்ரெட்கள் மரப்பள்ளத்தில் அறையப்படுபவை. மரத்தைப் பற்றிய அறிவு இரண்டுக்கும் பொதுவானாலும் கைப்பழக்கம் வேறு. எனவே கிட்டார் வேலையே செய்யும் ஒருவரிடம் ஒப்படைத்தோம். அவர் உடலுக்கு மேலாக ஓடும் ஒரு ஃப்ரெட்டைப் பிடுங்கி, அந்தப் பள்ளத்தில் சிறு துளையிட்டு, அதன் வழியே நீராவி செலுத்தி நெக் உடலுக்குள் செருகி நிற்கும் டவ்டெயில் இணைப்பைக் கழற்றினார். நெக்கின் அடிப்பகுதியில் மிகச் சிறிய ஆப்பு வடிவத்தில் மரத்தைச் சீவி, கோணத்தைப் பின்னோக்கிச் சாய்த்து, மறுபடியும் விலங்குப் பசையாலேயே ஒட்டினார். பூஜ்ய ஃப்ரெட் புதிதாக மாற்றப்பட்டது. மற்ற ஃப்ரெட்கள் சமன்செய்யப்பட்டு மெருகிடப்பட்டன. விட்டிருந்த தாங்குகட்டை ஒட்டப்பட்டது. சீவிக் கெடுக்கப்பட்ட பிரிட்ஜ் அடிக்குப் பதிலாகப் புதியதை, மேல்பலகையின் வளைவின்மேல் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துப் பொருத்தினார். ஹோஃப்னரின் அடையாளமான ஃப்ரெட் கம்பித் துண்டுகள் பதித்த மேற்பகுதி மட்டும் அப்படியே காக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் சேர்த்து 17,000 ரூபாய்.

நெக் கோணம் திருந்தியதால் பிரிட்ஜ் உயர்ந்தது. பிரிட்ஜ் உயர்ந்ததால் அதன்மேல் தந்திகள் மடங்கும் கோணம் கூடியது. மேல்பலகையை அழுத்தும் விசையும் கூடியது. ஒலியின் அளவு கூடியதற்கு இதுவே காரணம். அதுவரை ப்ளைவுட் ஒலிக்காது என்று குறைசொல்லிக்கொண்டிருந்த உரிமையாளர், அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பிரிட்ஜை நிறுத்தும் இடத்தை அவரே கற்றுக்கொண்டார். ஒட்டப்படாத பிரிட்ஜ் ஒவ்வொரு முறை தந்தி மாற்றும்போதும் நகரும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தந்தியைத் தொட்டு எழுப்பும் ஹார்மானிக் ஒலியும், அதே ஃப்ரெட்டை அழுத்தி எழுப்பும் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய சுரம் கூடுதலாகக் கேட்டால் பிரிட்ஜை டெயில்பீஸ் பக்கமும், குறைவாகக் கேட்டால் நெக் பக்கமும் தள்ள வேண்டும். எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றினால் இந்த வேலை வெகுவாகக் குறையும்.

வாசிப்பு

தந்தித் தேர்வில் முதலில் கருத்து வேறுபாடு இருந்தது. அவர் பழகியிருந்தது வெண்கலச் சுற்றுத் தந்திகளில். ஆர்ச்டாப்பில் அவை விசையாக ஒலிக்கும், ஆனால் தந்தியின் அதிர்வை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் காந்தப் பிக்கப் பொருத்தினால் வெண்கலச் சுற்றை அது சரியாக உணராது. மேலும் கடற்கரை ஊரின் உப்புக் காற்றில் சீக்கிரம் கறுத்துவிடும். நிக்கலால் ஆன, மேற்பரப்பு தட்டையான ஃபிளாட்வவுண்ட் தந்தி, அங்குலத்தின் ஆயிரத்தில் 12 முதல் 52 பங்கு வரை தடிமனுள்ள தொகுதி, மூன்றாம் தந்தியும் சுற்றியதாக, பரிந்துரைத்தேன். விலை கூடுதல், ஆனால் விரல் நகரும்போது கீச்சொலி இல்லை, மாதக்கணக்கில் உழைக்கும்.

பாடலுக்குத் துணையாக ஆறு தந்திகளையும் மேலும் கீழும் வருடி வாசிக்கும் பழக்கம் இந்தக் கருவியில் கூழாகக் கேட்கும். தட்டையான மேல்பலகை கொண்ட சாதாரணக் கிட்டாரிலிருந்து (ஃபிளாட்டாப்) வருகிறவர்கள் ஏமாற்றமடைந்து ஆர்ச்டாப்பை விற்றுவிடுவது பெரும்பாலும் இதனால்தான். மூன்று சுரங்களுக்கு மேல் வேண்டாம்: ஆறாம், நான்காம், மூன்றாம் தந்திகள் மட்டும்; ஐந்தாம் தந்தியை விரலின் சதையால் அடக்கிவிட வேண்டும். ஆறாம் தந்தியில் 10-ஆம் ஃப்ரெட், நான்காவதில் 10, மூன்றாவதில் 10 என்று பிடித்தால் டி மைனர் செவன்த். நான்காம் தந்தியின் விரலை மட்டும் 9-க்கு இறக்கினால் ஜி செவன்த். பிறகு ஆறாவதில் 8, நான்காவதில் 9, மூன்றாவதில் 9 என்றால் சி மேஜர் செவன்த். ஜாஸில் ஓயாமல் வரும் இந்த மூன்று கார்டுகளின் வரிசையில் விரல்கள் ஒன்றிரண்டு ஃப்ரெட்டுக்கு மேல் நகர்வதே இல்லை. நான்கு தட்டுக்கும் நான்கு அடி, எல்லாமே மேலிருந்து கீழாக; அடித்தவுடன் இடக்கை விரல்களை ஃப்ரெட்டிலிருந்து எடுக்காமல் பிடியை மட்டும் தளர்த்தினால் சுரம் அறுந்து தாளம் நிற்கும். இந்த ஒன்றைப் பழகிய பின்னரே கருவி எதற்காகச் செய்யப்பட்டது என்பது அவருக்குப் பிடிபட்டது. இரவில் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒலிபெருக்கி இல்லாமல் வாசிக்கும்போது, வாசிப்பவரின் காதுக்கு நிறைவாகவும் அடுத்த வீட்டுக்குத் தொல்லை இல்லாமலும் அது ஒலிக்கிறது.

பிக்கப் பற்றிய முடிவு எளிதாகவே எடுக்கப்பட்டது. மேல்பலகையில் துளையிடக் கூடாது. நெக்கின் முனையில் பற்றி நிற்கும் மிதவைப் பிக்கப் 6,000 ரூபாய்க்குக் கிடைத்தது. வால்யூம் குமிழ், புதிய பிக்கார்டின் அடியில் மறைந்திருக்கிறது. தந்திகளும் சேர்ந்து மொத்தச் செலவு 55,000 ரூபாயை நெருங்கியது. ஏறக்குறைய இதே தொகைக்குப் புதிய ஐபனேஸ் ஆர்ட்கோர் வரிசைக் கிட்டாரை வாங்கியிருக்கலாம். திருகிச் சரிசெய்யும் நெக், உத்தரவாதம், பழுதற்ற ஃப்ரெட் எல்லாம் கிடைத்திருக்கும். மேடைக்கு மட்டுமே கிட்டார் தேடுகிறவருக்கு நான் அதையே சொல்வேன். மின்னிணைப்பு இல்லாமல் அறையில் வாசிக்கும்போது உடலிலிருந்து எழும் உலர்ந்த, நெருக்கமான ஒலிக்காகத்தான் பழைய கருவிக்கு இந்தச் சிரமம் எடுக்கலாம். அது வேண்டாதவருக்கு இந்தச் செலவும் வேண்டாம்.

இப்போது கருவி பெட்டியில், ஏசி நேரடியாகப் படாத அறையில் இருக்கிறது. வாசித்து முடித்ததும் தந்திகள் உலர்ந்த துணியால் துடைக்கப்படுகின்றன. மழைக்காலத்தில் தந்தி உயரம் சிறிதே ஏறியபோது பிரிட்ஜின் திருகை அரைச் சுற்று இறக்கியதே போதுமானதாக இருந்தது. உடலின் ஓரத்தில் ஒட்டிய பைண்டிங் பட்டை இடுப்பு வளைவில் சுருங்கிப் பிரியத் தொடங்கியுள்ளது. அடுத்த முறை ஃப்ரெட் வேலைக்குக் கொடுக்கும்போது அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்திருக்கிறோம்.